எட்டாவது படிவம்

அஜக்ஸ்
08.03.2009

அன்பின் வின்சன்ற்,

நீ சுகமாக இருக்கிறாய் என்று நானாகவே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உன் வாயால் கேட்டு ஐந்து வாரமாகிறது. தொலைபேசி எடுத்தால் ரதிதான் வருகிறா. "அவர் குளிக்கிறார் அண்ணை" என்கிறா. ஐந்து வாரமாகக் குளிக்கிற மனிதனை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். அதனால்தான் முத்திரை ஒட்டி எழுதவேண்டி வந்தது.

நல்ல செய்தி ஒன்று. காற்றாடி விமானம் ஓட்டுகிற எங்கள் ஜைரோபிளேன் கழகம் கடைசியில் பயிற்சி நடத்த ஒப்புக்கொண்டுவிட்டது. ஒழுங்கு செய்கிற வேலை முழுவதும் என் தலையில். பாட வகுப்புச் சனிக்கிழமைகளில், அஜக்ஸ் நூலக அறையில். வைகாசியில் பறப்பு, வடக்கே சோள வயல்களுக்கு நடுவே இருக்கிற கழகத்துத் திடலில். பயிற்றுநர் ஒட்டாவாப் பக்கத்திலிருந்து வரவேண்டும். எட்டுப் பேர் சேர்ந்தால்தான் வருவேன், ஏழு என்றால் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். நம்மவர் ஐந்து பேர், வெள்ளையர் மூன்று பேர். எட்டாவது படிவம் உன்னுடையது.

பொங்கலன்று நீ கையெழுத்து மட்டும் வைத்துத் தந்ததை நானே நிரப்பி, பறப்பு அனுமதிப்பத்திர அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். "நீயே நிரப்படா, எனக்கு உந்த இங்கிலிஸ் சரிவராது" என்று நீதானே சொன்னாய். இந்த ஊருக்கு வந்த சனத்தில் பாதிப்பேரின் படிவங்களை நிரப்பியவன் நான். உன்னுடைய ஒன்று கைக்கு வர இருபத்தொரு வருடம் ஆகியிருக்கிறது!

அலுவலகம் உன் அடையாள அட்டைப் பிரதி ஒன்றை நேரே கேட்கும். கேட்டதும் அனுப்பிவிடு. அம்மாவிடமிருந்து ஏதும் தகவல் வந்ததா? அதையாவது எழுது.

உன்
சிறி

அஜின்கோர்ட்
20.03.2009

சிறி,

கடிதம் கிடைத்தது. உறையின் வாய் ஒரு பக்கம் கிளம்பியிருந்தது. நீ சரியாக ஒட்டவில்லையா, நடுவில் யாரும் பிரித்தார்களா? பதிலில் சொல். பதிவுத் தபாலில் மட்டும் போடாதே, அதுதான் முதலில் கண்ணில் படும்.

ரதி பொய் சொன்னது நான் சொல்லித்தான். இரண்டு மாதமாகத் தொலைபேசியில் டிக் டிக் என்று ஒரு சத்தம். எங்கள் வீட்டில் மட்டுமில்லை, ஊர்வலத்துக்குப் போகிற எல்லார் வீட்டிலும் கேட்கிறதாம். இனி எதுவானாலும் கடிதத்தில் எழுது. அதிலும் பெயர்களைக் குறைத்து எழுது.

பொங்கலன்று காலை தர்மபுரத்திலிருந்து இரண்டு நிமிடம் கதைத்தாவே, அதுதான் அம்மாவின் கடைசிக் குரல். அந்தச் சந்தோஷத்தில் இரண்டு கிளாஸ் உள்ளே போய்த்தான் உன் படிவத்தில் கையெழுத்து வைத்தேன். அதன் பிறகு அவ எந்தப் பக்கம் போனா, எந்தப் பதுங்குகுழியில் கிடக்கிறா என்று தெரியாது. அவவை இங்கே எடுக்க ஸ்பொன்சர் பத்திரம் போட்டு இரண்டு வருடம். எழுபத்து மூன்று வயது மனுசி. நாங்கள் போரை நிறுத்தக் கேட்டு யுனிவேர்சிற்றி அவெனியூவில் குளிரில் நிற்கிறோம், நீ காற்றாடி வைத்த கதிரையில் ஏறிப் பறக்க ஆள் சேர்க்கிறாய்.

கோபிக்காதே, நான் சொல்வதல்ல இது, சனம் சொல்கிறது. போன கிழமை கடையில், ஊர்வலத்துக்கு வருகிற அன்புராசா என்னை அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், "உவன் சிறி ஆருக்காகப் பெடியளின்ரை பேரும் பிறந்த திகதியும் சேர்க்கிறான்?" என்று கேட்டான். நீ அங்கத்தைய அரசாங்கத்தின் தூதரகத்துக்குக் கொடுக்கிறாய் என்கிறது ஒரு பகுதி. அங்கே இயக்கத்துக்கு அனுப்பப் பறப்பாளர்களைப் பழக்குகிறாய் என்கிறது இன்னொரு பகுதி. ஒரே ஆள் இரண்டையும் செய்ய ஏலாது என்று உனக்காக வாதாடினேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது, ஏன் ஏலாது என்றும் தோன்றியது.

என் படிவத்தில் என்ன எழுதினாய்? அதைத் திருப்பி எடுத்துவிடு. காரணம் கேட்காதே.

வின்சன்ற்

அஜக்ஸ்
05.04.2009

அன்பின் வின்சன்ற்,

உறையை ஒட்டியது என் நாக்கு. அன்று தடிமன் காய்ச்சலில் நாக்குக் காய்ந்திருந்தது, அதனால் பசை பிடிக்கவில்லை. இந்த முறை ஒட்டுநாடா போட்டிருக்கிறேன், பார்.

என்ன எழுதினேன் என்றா கேட்கிறாய்? பெயர், விலாசம், பிறந்த நாள், உயரம், கண்ணின் நிறம். கண் கறுப்பு என்று போட்டேன். அதில் ஏதும் இரகசியம் உண்டா? திருப்பி எடு என்கிறாய். எடுத்தால் எட்டு ஏழாகும், பயிற்றுநர் வரமாட்டார், மற்ற ஆறு பேரும் என்னைத் தின்பார்கள். கொஞ்சம் பொறு. வகுப்புத் தொடங்கியதும் நீ வராவிட்டாலும் பரவாயில்லை.

உனக்கு மட்டும்தான் சந்தேகம் என்று நினைக்காதே. கழகத் தலைவர் ஹெரல்ட் கிழவர் போன வாரம் தேநீர் ஊற்றித் தந்துவிட்டு, "ஐந்து தமிழர்களுக்கு ஒரே நேரத்தில் எப்படிப் பறக்கும் ஆசை வந்தது?" என்று மெதுவாகக் கேட்டார். நேற்று இரண்டு பேர் கோட் போட்டுக்கொண்டு கழகத்துக் கொட்டகைக்கே வந்தார்கள். அட்டையைக் காட்டினார்கள், நான் வாசிப்பதற்குள் பைக்குள் போட்டுவிட்டார்கள். இந்த யந்திரம் எவ்வளவு பாரம் தூக்கும் என்பதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. "என்னையும் என் மனைவியையும் சேர்த்துத் தூக்காது, அதனால்தான் வீட்டில் அனுமதி கிடைத்தது" என்றேன். ஒருவர் சிரித்தார். மற்றவர் அதையும் எழுதிக்கொண்டார்.

இது போர் விமானமில்லை. பின்னால் ஒரு எஞ்சின் தள்ளும், மேலே காற்றாடி தன்பாட்டில் காற்றில் சுழலும். எஞ்சின் நின்றாலும் காற்றாடி சுழன்றுகொண்டே மெல்ல இறக்கிவிடும். நம்மவர்கள் என்னைத் துரோகி என்கிறார்கள், இவர்கள் பயங்கரவாதி என்கிறார்கள். இப்போது விட்டுவிட்டால் இரண்டும் உண்மை என்றாகிவிடும், அதனால் விடமாட்டேன்.

இந்த ஆசையை எனக்குள் போட்டது நீதான் என்பதை மறந்துவிட்டாயா? இளவாலையில் பதுங்குகுழிக்குள் தலையில் மண் கொட்டக் கொட்ட இருந்தபோது, "ஒருநாளைக்கு நானும் மேலையிருந்து கீழை பாக்கவேணும் மச்சான்" என்றாய். உனக்கு ஒரு இருக்கை வைத்திருக்கிறேன். அம்மாவுக்காகக் கோவிலில் விளக்குப் போட்டேன், தேவாலயத்திலும் ஒரு மெழுகுவர்த்தி கொளுத்தினேன்.

உன்
சிறி

அஜின்கோர்ட்
27.05.2009

சிறி,

எல்லாம் முடிந்துவிட்டது. கார்டினர் நெடுஞ்சாலையை மறித்துக் குந்தியிருந்ததும் முடிந்தது, கொடிகளைச் சுருட்டி வீட்டுக்கு வந்ததும் முடிந்தது. யாரோடும் யாரும் கதைக்கிறதில்லை. அம்மா உயிரோடு இருக்கிறா. கொழும்பிலிருந்து எங்கள் சொந்தம் குணவதி அக்கா தகவல் தந்தா, செட்டிகுளம் முகாமில் கண்ட ஒருவர் சொன்னாராம். அந்தச் செய்தி வந்த மூன்றாம் நாள் நீ செய்த வேலையும் வந்து சேர்ந்தது.

அனுமதிப்பத்திர அலுவலகம் எழுதியிருக்கிறது. அவர்கள் கேட்டபோது, எனக்குத் தெரியாமல் ரதி என் குடியுரிமை அட்டைப் பிரதியை அனுப்பியிருக்கிறா. படிவத்தில் 14 செப்டெம்பர் 1958. அட்டையில் 3 பெப்ரவரி 1961. எது சரி என்று முப்பது நாளுக்குள் கையெழுத்திட்டுச் சொல்லட்டாம்.

தெரியாதவன் போல நடிக்காதே, இருந்தாலும் எழுதுகிறேன். மொன்றியலில் இறங்கியபோது என் கையில் இருந்தது வேறொருவனின் கடவுச்சீட்டு. பெயர் பொய் என்று சொல்லித் திருத்தினேன். திகதியும் பொய் என்று சொல்லப் பயத்தில் வாய் வரவில்லை. அது அப்படியே குடியுரிமை வரைக்கும் வந்துவிட்டது. அம்மாவின் ஸ்பொன்சரும் அந்தத் திகதியில்தான் நிற்கிறது. நேர்முகத்தில் கேட்டால் சொல்ல அம்மாவுக்கே அதைப் பாடமாக்கிக் கொடுத்தேன். "பெத்தவள் நானடா, எனக்கே நீ திகதி சொல்லித்தாறியோ" என்று தொலைபேசியில் அழுதா. இப்போது ஒரு அலுவலகத்தில் இரண்டு திகதி கிடக்கிறது. அது இன்னொரு அலுவலகத்துக்குப் போனால் அம்மா முகாமிலேயே கிடந்து சாகவேண்டியதுதான்.

திருப்பி எடு என்று பங்குனியிலேயே எழுதினேன். நீ எடுக்கவில்லை. கோட்டுப் போட்ட ஆட்கள் உன்னிடம் வந்தது சித்திரையில், எனக்குக் கடிதம் வந்தது வைகாசியில். நடுவில் அவர்களுக்கு என்ன சொன்னாய்? என்னைக் கொடுத்துவிட்டுத்தான் உன் கழகத்தைக் காப்பாற்றினாயா?

வின்சன்ற்

அஜக்ஸ்
04.06.2009

அன்பின் வின்சன்ற்,

அம்மா உயிரோடு இருக்கிறா என்ற வரியை முதலில் வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகுதான் மற்றதை வாசித்தேன்.

அலுவலகத்துக்கு நான் எழுதிய கடிதத்தின் பிரதி இதோடு இருக்கிறது. விண்ணப்பதாரர் வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட்டார், திகதியை அவரிடம் கேட்காமல் ஒழுங்கமைப்பாளனாகிய நானே எழுதினேன், பிழை முழுவதும் என்னுடையது, விண்ணப்பத்தை மீளப் பெறுகிறோம் என்று எழுதியிருக்கிறேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. நீ கேட்டபோதே செய்திருக்க வேண்டும். எட்டுப் பேர் வேண்டும் என்ற அவசரத்தில் செய்யவில்லை, அது என் குற்றம்தான்.

கையெழுத்து வாங்கிவிட்டுப் பிறகு படிவம் நிரப்புகிறவன் பயிற்சி நடத்தக் கூடாதென்று கழகம் சொல்லிவிட்டது. நம்மிடையே அது உதவி, அவர்களிடத்தில் அது மோசடி. ஹெரல்ட் கொட்டகைச் சாவியைக் கேட்டு வாங்கினார். பயிற்றுநர் வரவில்லை. மற்ற ஆறு பேரும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். இரண்டு வருட உழைப்பு, வின்சன்ற். நான் ஒருநாளும் அதில் ஏறவில்லை.

அதைக்கூட விட்டுவிடலாம். சிலுவைத் திருநாளில் பிறந்தவன் நீ. உன் வீட்டில் அன்று அம்மா சுட்ட பலகாரத்தை ஏழு வயதிலிருந்து தின்றவன் நான், அந்தத் திகதியை யாரிடம் கேட்டு எழுதுவது? 1988 முதல் ஒவ்வொரு செப்டெம்பர் பதினான்கும் உன் வீட்டுக்குக் கேக்கோடு வந்தேன். இருபத்தொரு கேக். ஒவ்வொன்றையும் வெட்டி என் வாயில்தான் முதலில் வைத்தாய். உன் பத்திரத்தில் வேறு நாள் இருக்கிறதென்று ஒருமுறையாவது சொன்னாயா? ஊரெல்லாம் என்னிடம் படிவம் நிரப்ப வந்தபோது நீ மட்டும் அருள்நாயகம் மாஸ்டரிடம் போனாய். ஏனென்று இப்போதுதான் விளங்குகிறது. இந்தச் சந்தேகம் சண்டையோடு வந்தது என்று நினைத்தேன். அது முதல் கேக் வெட்டின அன்றே மேசையில் எங்களோடு இருந்திருக்கிறது. எனக்கு மனது சரியில்லை, இதோடு நிறுத்துகிறேன்.

சிறி

அஜின்கோர்ட்
15.09.2009

என் அன்பின் சிறி,

உன் கடிதத்தை அலுவலகம் ஏற்றுக்கொண்டது. கோப்பு மூடியாயிற்று. அம்மா முகாமிலிருந்து வந்து கொழும்பில் குணவதி அக்காவோடு இருக்கிறா. நேர்முகமும் முடிந்தது. திகதி கேட்டார்களாம், பிசகாமல் சொன்னாவாம். சொல்லிவிட்டு வெளியே வந்து கும்பிட்டுக்கொண்டு நின்றாவாம்.

நேற்றுச் சிலுவைத் திருநாள். பூசைக்குப் போய்வந்து முன்னறையில் இருந்தேன். ரதி நான் சொல்லாமலே தட்டுகளும் கத்தியும் எடுத்து வைத்தா. தெருவில் ஒரு கார் மெதுவாகப் போனாலும் எழும்பி யன்னலால் பார்த்தேன். மாலையில் ரதி தட்டுகளைத் திரும்ப அலுமாரியில் வைத்தா.

நான் பிழை விட்டுவிட்டேன், மச்சான். உன்னைப் போல ஒருவனிடம் மறைத்ததும் பிழை, உன்னைப் பார்த்து அப்படிக் கேட்டதும் பிழை. என்னோடு கோபப்படு, வந்து ஏசு. கழகத்தில் வந்து நானே ஹெரல்டிடம் சொல்கிறேன்.

ஒன்றே ஒன்று மட்டும். கேட்காமல் எனக்கு நித்திரை வராது, அம்மா வந்து இறங்கும் வரைக்கும் எனக்கு நெஞ்சில் தண்ணி இல்லை. கோட்டுப் போட்ட அந்த இரண்டு பேரும் என் பெயரைக் கேட்டார்களா? நீ ஏதும் சொன்னாயா? நான் உன்னை நம்புகிறேன். ஓம் அல்லது இல்லை, ஒரு சொல் எழுதினால் போதும்.

உன்
வின்சன்ற்

அஜக்ஸ்
03.02.2010

திரு. வின்சன்ற் அவர்களுக்கு,

இன்று தங்களுக்கு நாற்பத்தொன்பது வயது நிறைவடைகிறது. என் மனமார்ந்த வாழ்த்துகள்.

கேக் ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறேன், கடைக்காரர் மாலையில் கொண்டுவந்து தருவார். அதில் திகதியைக் குடியுரிமை அட்டையில் உள்ளபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன். ஏதும் பிழை இருந்தால் அவரிடமே திருத்திக்கொள்ளலாம்.

தங்கள் தாயார் பங்குனியில் வருவதாக ரதி சொன்னா. மிக்க மகிழ்ச்சி. என் வணக்கத்தைத் தெரிவிக்கவும். செப்டெம்பர் பதினான்கு பற்றி அவ என்னிடம் ஏதும் கேட்டால், அப்படி ஒரு நாள் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடுவேன். அதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

தாங்கள் ஒரு சொல் கேட்டிருந்தீர்கள். இல்லை.

இப்படிக்கு,
கந்தையா ஸ்ரீஸ்கந்தராசா