அசருக்கு முந்திய புறா

மார்ச் 28, சனி

வெயில் கொளுத்துகிறது. புறாக்கூடு கழுவ வேண்டும். சோளம் முடிந்தது.

போன் டவரில் இன்றும் வல்லூறு. மாரி மழை தொடங்கியதும் வந்தவள். என் புறாக்களில் இரண்டு, பக்கத்து வளவில் நான் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிற மனிசனுடையதில் ஐந்து தின்றுவிட்டாள். காக்கா டவரில் இருந்த சுள்ளிக் கூட்டைக் காட்டிக் கத்தினார்: "கூடு கட்டிட்டுது. குஞ்சு பொரிச்சா நம்மட புறா ஒண்டும் மிஞ்சாது."

அது காகக்கூடு என்றேன். வல்லூறு சுள்ளி பொறுக்காது. பாறையிலோ வெறுந்தரையிலோ கீறிவிட்டு முட்டையிடும். அதுவும் இங்கே இல்லை, தூர வடக்கே, பனி உருகும் நாட்டில். இன்னும் சில நாளில் புறப்பட்டுவிடுவாள்.

"போன்ல பாத்தத்த என்னட்டச் சொல்லாத."

போனில்தான் பார்த்தேன். அதற்கென்ன?

மார்ச் 30, திங்கள்

காக்கா டவரில் ஆள் ஏற்றிக் கூட்டைத் தள்ளினார். விழுந்தது காக முட்டை! காகங்கள் விரட்டி விரட்டிக் காக்காவின் தொப்பியைக் கொத்தின. சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. இப்போது மனிசனுக்கு வீம்பு.

"நாளைக்கு நொண்டிப் புறாக்கு வயல் மருந்து பூசி விடுறன். வல்லூறு திண்டு சாகட்டும்."

இங்கே எல்லாரும் பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்துதான் புறா விடுவார்கள். ஒருநாளும் பிந்தமாட்டார்கள், முந்தவும் மாட்டார்கள். வல்லூறுக்கும் அந்த நேரம் பாடம். பள்ளியில் பாங்கு கேட்டதும் இறகை உதறுவாள். வயிறு நிறைந்திருந்தால் மட்டும் அசையமாட்டாள்.

மார்ச் 31, செவ்வாய்

அசருக்கு முன்பே என்னுடைய பன்னிரண்டையும் விட்டேன். கீழே ஒழுங்கையில் போகிற ஒருவரின் குரல்: "பொம்பிள கூரையில நிண்டு விசிலடிக்கிறதா?" இன்னும் பலமாக அடித்தேன்.

வல்லூறு என் சாம்பல் நிறப் பேட்டைப் பிடித்தாள். என் கையில் தீன் தின்று வளர்ந்தது. குந்தியிருந்து அழுதேன். அழுதாலும் செய்தது சரிதான்.

தொழுகை முடிந்து காக்காவின் நொண்டிப் புறா பறந்தது. டவரில் அவள் அலகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பியும் பார்க்கவில்லை.

பொழுதுபட, மஃரிபுக்கு முன், மதிலுக்கு அப்பால் தண்ணீர்ச் சத்தம். காக்கா குழாயடியில் நொண்டியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுகிறார்.

"உன்ட சாம்பல் போனத்தக் கண்டன்," என்றார். மருந்து போக இன்னும் தேய்த்தார்.

ஏப்ரல் 3, வெள்ளி

சோளம் வாங்கியாயிற்று. டவர் வெறுமை. நேற்றும் அவள் இல்லை.

ஜும்ஆத் தொழுகை முடிந்து காக்கா வந்தார். வாசலிலேயே நின்றார்.

"செத்துட்டுதா?"

"இல்ல காக்கா. முட்ட போடப் போயிட்டா. மாரிக்கு வருவா."

"வந்தா, திரும்பவும் உன்ட புறாவத் தின்னக் குடுப்பியோ?"

"ஓம்."