கைசர் ஜஹானுக்கு என்ன வேண்டும்?

1974 ஜூலை 30, செவ்வாய்

ஸ்கூல் விட்டதும் சாந்தோமிலிருந்து பஸ் பிடித்து அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் போனால், வார்டில் கறுப்பு புர்க்கா போட்ட ஒரு பொம்பளை காஸ்பருக்கு ஸ்பூனால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கிறாள். என் புருஷனுக்கு! யார் என்று கேட்டேன். “கைசர் ஜஹான். திருவல்லிக்கேணிமா.” எந்தச் சங்கத்திலிருந்து? “சங்கம்லாம் இல்லமா, சும்மாதான் வரேன்.”

சும்மாவா? இந்த மெட்ராஸில் சும்மா எவள் பஸ் ஏறுகிறாள்? சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

ஆகஸ்டு 2, வெள்ளி

டாக்டர் இன்று கண்டிப்பாகவே சொல்லிவிட்டார். காஸ்பர் இன்னும் இளைத்தால் தொண்டைப் புற்றுக்குக் கரண்ட் வைப்பதை, அந்தக் கதிர் சிகிச்சையை, நிறுத்திவிடுவார்களாம். நிறுத்தினால் — எழுதக் கை வரவில்லை.

நான் காலையில் கொடுத்துவிட்டு வரும் கேழ்வரகுக் கஞ்சி அப்படியே இருக்கிறது. அவள் கஞ்சி மட்டும் இறங்குகிறதாம். “உன்னது கட்டி கட்டியா இருக்கு மர்சலின்” என்கிறார், குரலே வராமல். பதினெட்டு வருஷம் என் கையால் தின்ற மனுஷன்.

ஆகஸ்டு 5, திங்கள்

பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றி நீட்டினேன். “வேணாம்மா.” தண்ணீர்? அதுவும் வேண்டாம். சனிக்கிழமை மட்டும் மடமடவென்று குடித்தாளே! இன்றைக்கு மட்டும் என் கை ஆகாமல் போய்விட்டதா?

நான் கிளம்பும் நேரத்தில் காஸ்பருக்கு வாந்தி.

ஆகஸ்டு 8, வியாழன்

இன்றும் தண்ணீர்கூடத் தொடவில்லை. கஞ்சியை நீங்கள் ருசி பார்த்தீர்களா என்று கேட்டேன். “இல்லமா” என்று தலையைக் குனிந்துகொண்டாள். தான் காய்ச்சியதைத் தானே வாயில் வைக்காதவள் என் வீட்டுக்காரருக்கு ஊட்டுவாளா? அதில் என்ன கலந்திருக்கிறது என்று யார் கண்டது? இனிமேல் அவர் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சரி என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். காஸ்பர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். படுக்கட்டும்.

ஆகஸ்டு 13, செவ்வாய்

எடை இறங்கிவிட்டது. வரும் சனிக்கிழமை வரை பார்ப்பார்களாம். மாதாவே.

ஆகஸ்டு 15, வியாழன்

மாதா திருநாள் பூசை, ஸ்கூலில் கொடியேற்றம், இரண்டையும் முடித்துக்கொண்டு மத்தியானமே போய்விட்டேன். என் கஞ்சி கன்னத்தில் வழிகிறது, உள்ளே போகவில்லை. அவள் எதிர்க்கட்டில்காரருக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தாள். வேறு வழி? கூப்பிட்டேன். “அவருக்குக் குடுங்க. ஆனா முதல்ல என் கண்ணெதிர்ல நீங்க ஒரு டம்ளர் குடிங்க.”

வார்டே பார்த்தது. அவள் ஜன்னல் வெயிலைப் பார்த்தாள், காஸ்பரைப் பார்த்தாள். பிஸ்மில்லா என்று முணுமுணுத்து ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு அவருக்கு ஊட்டினாள். முழுசும் இறங்கியது.

சாயங்காலம் அவள் தம்பி குலாம் முகம்மது பேரீச்சம்பழப் பொட்டலத்தோடு வந்தார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்து வராந்தாவில் மடக்கிக் கேட்டேன். “திங்களும் வியாழனும் அக்கா நோன்பு வெக்கும் டீச்சர். ஊருக்குச் சொல்லாது. சாயங்காலம் நோன்பு தொறக்கத்தான் இந்தப் பழம்.” ரம்ஜானுக்குத்தானே நோன்பு? எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவளிடமே போனேன். ஏன் வாயைத் திறந்து சொல்லவில்லை?

“சொன்னா நீங்க நம்பியிருப்பீங்களா? என் நோன்ப இன்னொரு நாள் வெச்சுக்குவேன் டீச்சரம்மா. இவுரு பசி இன்னிக்கு கீது.”

அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது. கோபமும்தான்.

ஆகஸ்டு 17, சனி

எடை கொஞ்சம் ஏறியிருக்கிறது. கரண்ட் நிறுத்தவில்லை!

குலாம் சொன்னார்: “ஜனங்களுக்கு யாரு ஒதவுறாங்களோ அவங்கதான் நல்லவங்கன்னு எங்க நபி சொல்லிக்கீறாரு.” எங்கள் சாமியாரும் பிரசங்கத்தில் இதையேதான் சொல்கிறார். கேட்டுவிட்டு எவன் பஸ் ஏறினான்? அதனால்தான் எனக்கு இன்னும் முழுசாக நம்பிக்கை வரவில்லை. மோட்சத்துக்கு என் புருஷன்தான் ஏணியா?

ஆகஸ்டு 31, சனி

கரண்ட் முடிந்தது. என் கஞ்சியை இப்போது வடிகட்டித் தருகிறேன், குடிக்கிறார்.

செப்டம்பர் 6, வெள்ளி

காஸ்பர் போய்விட்டார்.

செப்டம்பர் 22, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டார் கைசர் ஜஹான், தம்பியோடு. ரம்ஜான் மாதம், நான் ஒன்றும் நீட்டவில்லை. காஸ்பர் படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, “உங்க கிட்ட ஒண்ணு கேக்கணும் டீச்சரம்மா.”

வந்துவிட்டது! என்றைக்காவது கேட்பாள் என்று எனக்குத் தெரியாதா? கேளுங்கள் என்றேன்.

“சார் இருந்த கட்டில்ல இப்ப தென்காசிக்காரர் ஒருத்தர், அய்யாதுரைன்னு. கேக்க நாதியில்ல. துலுக்க வீட்டுக் கஞ்சி வேணாம்னு மூஞ்சத் திருப்பிக்கிறாரு. எனக்கு வருத்தம் இல்ல, ஆனா பட்டினி கெடக்குறாரே. நீங்க காச்சி எடுத்தாந்தா குடிப்பாரு.”

அந்த வார்டு வாசலை இனி மிதிப்பதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறேன். அதைச் சொன்னேன். “கஷ்டந்தான்மா” என்றார். அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

போனேன். அதே கட்டில். பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“யாரு தாயி நீ? எனக்கு எதுக்கு இதெல்லாம் செய்யுத? ஒனக்கு என்ன வேணும்?”

கஞ்சியை டம்ளரில் ஊற்றி நீட்டினேன். “ஆறிடும், குடிங்க” என்றேன்.