முன் சக்கரத்தில் வேறு எண்

செப்டம்பர் 8, செவ்வாய்

காலையில் தூறல், பத்து மணிக்கெல்லாம் வெயில். எங்கள் மண்டிக்குப் புளி வந்து இறங்கியது. பாதி ஈரம். திருப்பி அனுப்பச் சொன்னேன்.

கார் வந்து ஒரு வாரம். வெள்ளை அம்பாசடர், பழசு. இவருடைய அக்கா வீட்டுக்காரர், திருக்கோவிலூர் ராமலிங்கம் அண்ணன் வைத்திருந்தது. "வெளியாளுக்குக் குடுக்க மனசு வரல மாப்ள" என்று இவர் தலையில் கட்டிவிட்டார். இவருக்கு வலது காலில் பலம் கிடையாது, பிரேக் மிதிக்க முடியாது. அதனால் ஓட்டுவது நான். கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவின் ரைஸ்மில் ஜீப்பில் கற்றுக்கொண்டது. லைசென்ஸ் உண்டு. சங்கராபுரத்தில் இன்னும் எத்தனை பேருக்கு இதைச் சொல்ல வேண்டுமோ.

இடது பக்கம் முழுசாகத் திருப்பினால் முன்னாலிருந்து கர்ர் என்று ஒரு சத்தம். இன்று அண்ணன் மண்டிக்கு வந்தபோது சொன்னேன். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. இவரைப் பார்த்துச் சொன்னார்: "பொம்பள கை மாப்ள. ஸ்டேரிங்கப் புடிச்சி முறுக்கினா வண்டி இன்னா பண்ணும், கத்தும்."

எல்லோரும் சிரித்தார்கள். மூட்டை தூக்குகிறவர்கள்கூட. இவரும்தான்.

ராத்திரிக்கு வெறும் ரசம் வைத்தேன்.

செப்டம்பர் 10, வியாழன்

வெள்ளிமலை போய் வந்தோம், கடுக்காய் பார்க்க. மேலே குளிர், சால்வை எடுத்துப் போகாதது தப்பு. தேன் நல்லது கிடைத்தது, ஒரு டின்.

ஏறும்போது சத்தம் கம்மி. இறக்கத்தில் பிரேக் போட்டால் முன்பக்கம் அமுங்குகிறதே, அப்போது ஒவ்வொரு வளைவிலும் கர்ர். ரப்பர் தீய்கிற நாற்றம் வேறு. கரியாலூர் தாண்டி ஒரு வளைவில் ஸ்டேரிங் ஒரு கணம் இறுகிப்போய்ப் பிறகு விட்டது.

இவர்: "கொஞ்சம் பதமா ஓட்டேன் சரோஜா."

பதமா! நான் என்ன பாகா காய்ச்சுகிறேன்?

செப்டம்பர் 11, வெள்ளி

கோலம் போட்டுவிட்டு நேரே காரிடம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். டயரின் பக்கவாட்டில் எண் இருக்கிறது. பின் சக்கரம் இரண்டிலும் 5.90-15. முன் சக்கரம் இரண்டிலும் 6.40-15. முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அதேதான். டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னி? 5.90.

மதியம் கள்ளக்குறிச்சியில் வேலை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டாக்சிகள் வரிசையாக நிற்கும், எல்லாம் இதே அம்பாசடர். ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனேன். ஒரு டிரைவர் எழுந்து வந்தார்.

"இன்னாம்மா, இன்னா தொலைச்சிட்டீங்க?"

"டயர் நம்பர் பாக்கறங்க."

"அதெல்லாம் எதுக்குங்க உங்களுக்கு? வூட்ல ஆம்பளைங்க இல்லியா?"

அடுத்த வண்டிக்குப் போய்க் குனிந்தேன். எல்லா வண்டியிலும் நாலு சக்கரத்திலும் ஒரே எண்: 5.90-15.

வீட்டுக்கு வந்து ஸ்டேரிங்கை இடது பக்கம் கடைசிவரை திருப்பி வைத்துவிட்டு, சக்கரத்துக்கு மேலே கையை விட்டுத் தடவினேன். மட்கார்டின் உள்தகட்டில் பெயிண்டே இல்லை, தேய்ந்து வழவழவென்று கிடக்கிறது. டயரின் விளிம்பும் அதே இடத்தில் சீவினாற்போல. பதினைந்து என்பது ரிம். அது பொருந்துவதால்தான் டயர் ஏறிக்கொண்டது. கோட்டுக்கு முன்னால் உள்ள எண் டயரின் தடிமன், அங்குலக் கணக்கு. அரை அங்குலம் தடித்தால் உயரமும் கூடும். திரும்ப இடம் எங்கே?

ஆக, கோளாறு என் கையில் இல்லை. வண்டியின் காலில்.

செப்டம்பர் 12, சனி

கள்ளக்குறிச்சியில் டயர் கடை. வேண்டியதைச் சொன்னது நான். கடை பாய் பேசியது இவரிடம்.

"ஆறு நாப்பது ஓடுதுன்னா ஓடட்டும் சார். மலைக்குப் போற வண்டி, தடியா இருந்தா கெத்துதான்."

"கெத்து மட்கார்டுல உரசுதுங்க பாய்" என்றேன்.

அப்போதுதான் என்னைப் பார்த்தார். வந்து குனிந்தும் பார்த்தார். "உரசுதுதாங்க. ஆனா கம்மியாத்தான் உரசுது."

கம்மியாக! சட்டி கம்மியாக ஓட்டையென்றால் குழம்பு நிற்குமா?

5.90 கைவசம் இல்லை. விழுப்புரத்திலிருந்து அடுத்த வாரம் வர வேண்டும். "இடஒதுக்கீட்டுக்கு மறியல்னு பேசிக்கிறாங்க. ரோடு இருந்தா டயர் வரும்."

திரும்பும்போது இவரோடு சண்டை. அண்ணனிடம் சொல்லியாக வேண்டும் என்றேன்.

"மாமாகிட்ட எப்டி கேக்கறது? அக்கா அங்க வாழணும்."

"அவங்க வாழறதுக்கும் டயருக்கும் இன்னா சம்பந்தம்?"

"உனக்குப் புரியாது."

புரிகிறது. அதனால்தான் இவ்வளவு கோபம்.

செப்டம்பர் 14, திங்கள்

பருப்பு, கத்தரிக்காய், அப்பளம். அண்ணனும் அண்ணியும் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்தேன். கை கழுவியதும் காரிடம் அழைத்துப்போய் எண்ணைக் காட்டினேன்.

கத்திவிடுவேன் என்று பயந்தேன். இல்லை.

அண்ணன் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "ஆமா, ஒரு வேன்ல இருந்து கழட்னது. சும்மா வந்துது, போட்டேன். நான் ஓட்டறப்ப ஒரு சத்தம் கெடையாதே மாப்ள" என்றார்.

"நீங்க திருக்கோவிலூரத் தாண்டி எங்க போனீங்க? மலையில ஏத்துனீங்களா?"

"நம்பரப் படிச்சிட்டா டிரைவராயிட முடியாதும்மா. நாளைக்கு நானே மலைக்கு ஓட்றேன். பின்னால உக்காந்து பாரு. சத்தம் வருதான்னு."

அண்ணி உள்ளே அப்பளத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். போக வேண்டாம் என்று இவரிடம் தனியாகச் சொன்னேன். "அவரு பேசிட்டாரு, விட மாட்டாரு" என்கிறார். மாமா பேச்சுக்கு மலை வளைந்துகொடுக்குமா?

செப்டம்பர் 16, புதன்

நேற்று எழுதவில்லை.

அண்ணன் ஓட்டினார், பக்கத்தில் இவர், பின்னால் நானும் அண்ணியும். ஏறும்வரை பேச்சு, சிரிப்பு. "எங்க, சத்தம் எங்க?" என்று நாலு தடவை கேட்டார். இறக்கத்தில் முதல் வளைவிலேயே கர்ர். அவர் பேச்சு நின்றது. இரண்டாவது வளைவிலும். "மெதுவா அண்ணே" என்றேன். அதற்காகவே வேகம் கூட்டினார், சத்தியமாக.

மூன்றாவது வளைவில் இடது பக்கம் ஒடித்தார். பாதிதான் ஒடிந்தது. டயர் மட்கார்டில் ஏறிச் சிக்கிக்கொண்டது. வண்டி வளையாமல் நேரே போகிறது. முன்னால் பள்ளம், மரங்களின் தலை மட்டும் தெரிகிறது. "பிரேக்!" என்று இவர் கத்தியது கேட்டது. விளிம்பில் இருந்த கல்லில் மோதி நின்றோம். அந்தக் கல்லை அங்கே நட்டவன் குடும்பம் நன்றாக இருக்கட்டும்.

அண்ணிக்கு உதடு கிழிந்து ரத்தம். இவருக்கு மணிக்கட்டு வீக்கம். இடது டயர் பக்கவாட்டில் வாயைப் பிளந்து கிடந்தது.

அண்ணன் இறங்கி, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு சொன்ன முதல் வார்த்தை: "பின்னால இருந்து மெதுவா மெதுவான்னு பேசிக்கினே வந்தா கவனம் செதறாதா?"

அண்ணியின் உதட்டில் என் முந்தானையை அழுத்திப் பிடித்திருந்தேன். இல்லாவிட்டால் என்ன செய்திருப்பேனோ.

இவர் ஸ்டெப்னியை எடுத்து வைத்தார். எல்லோருமாக மாட்டினோம். இடது 5.90, வலது 6.40, நொண்டி வண்டி. சாவிக்காகக் கையை நீட்டினேன். அண்ணன் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்காமல்தான், ஆனால் கொடுத்தார். இடது பக்கமே இழுத்துக்கொண்டு வந்தது. மாட்டு வண்டி வேகத்தில் கச்சிராயபாளையம்வரை இறக்கினேன்.

செப்டம்பர் 18, வெள்ளி

மறியல். நேற்றிலிருந்து பஸ் இல்லை, லாரி இல்லை. கள்ளக்குறிச்சி ரோட்டில் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருக்கிறார்களாம். மண்டி பூட்டு. பால் இல்லை, கருப்பட்டிக் காப்பி. இவர் மணிக்கட்டுக்குப் பற்று.

அண்ணன் மறியலுக்கு முன்னாலேயே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணியை இங்கே விட்டுவிட்டு. "காயம் ஆறினதும் வரட்டும்." அண்ணிக்குக் கஞ்சிதான் இறங்குகிறது.

மதியம் நாலு பேர் வாசலில். ரோட்டில் கொளுத்தப் பழைய டயர் வேண்டுமாம். காருக்குப் பக்கத்தில் கிடந்த கிழிந்த டயரைப் பார்த்துவிட்டார்கள்.

"குடுக்க முடியாதுப்பா. அது சாட்சி."

"சாட்சியா? கேஸாங்க?"

"குடும்பக் கேஸ்."

சிரித்தார்கள். ஒருவன் எம்.ஏ. படித்தவனாம், அப்பாவோடு கரும்பு வெட்டப் போகிறான். "எங்க அளவு இதுதான்னு வேற யாரோ சொல்லிக்கினு இருக்காங்கம்மா. அதான் ரோட்ல நிக்கறோம்" என்றான். தண்ணீர் கேட்டான். மோர் கொடுத்தேன். டயரைக் கேட்காமலே போனார்கள்.

அண்ணி உள்ளேயிருந்து, உதட்டை அசைக்காமல்: "சாட்சி நான் இருக்கன். அதக் குடுத்திருக்கலாம்."

செப்டம்பர் 26, சனி

ரோடு திறந்து இரண்டு மூன்று நாளாகிறது. மரங்களை ஓரமாகத் தள்ளிவிட்டிருக்கிறார்கள், தார் அங்கங்கே கருகிக் கிடக்கிறது. டயர் வந்துவிட்டதாகப் பாய் ஆள் அனுப்பினார்.

மாட்டுவதற்கு முன்னால் இரண்டிலும் எண்ணைப் படித்தேன். 5.90-15. 5.90-15. பாய் என்னிடமே பேசினார், "பாத்துக்கோங்கம்மா, சரிதானா" என்று. மட்கார்டைத் தட்டி நிமிர்த்தினார்கள். கடை வாசலிலேயே இடது, வலது, கடைசிவரை திருப்பிப் பார்த்தேன். சத்தம் இல்லை. இவர், "ஆமா, இல்ல" என்றார். அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்த நான்தான் பைத்தியம்.

அக்டோபர் 3, சனி

புரட்டாசிச் சனி. விரதம். வெயில் சுள்ளென்று.

அண்ணியை அழைத்துப்போக அண்ணன் நேற்று வந்தார். அப்படியே எல்லோரும் காரில் திருக்கோவிலூர்ப் பெருமாளைப் பார்ப்பது என்று முடிவு. முன் சீட்டில் அவரே ஏறிக்கொண்டார். இவர் பின்னால், அண்ணியோடு. வண்டி வெண்ணெய் மாதிரி போகிறது. மணலூர்பேட்டைக்குள் நுழையும் திருப்பத்தில் முழுசாக ஒடித்தேன், சின்னச் சத்தம்கூட இல்லை.

அண்ணன் பின்னால் திரும்பி இவரிடம்: "பாத்தியா மாப்ள. இப்பதான் ஒழுங்கா ஓட்டக் கத்துக்கினு இருக்கு."

ஓரமாக நிறுத்தினேன்.

"எறங்குங்கண்ணே."

"இன்னாது?"

"பஸ் ஓடுது. எறங்கி அதுல வாங்க."

இவரைப் பார்த்தார். இவர் ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணியைப் பார்த்தார். அண்ணி தன் பக்கத்துக் கண்ணாடியை மெதுவாக ஏற்றிக்கொண்டிருந்தார்.

இறங்கினார்.

இவர் காலை இழுத்துக்கொண்டு வந்து முன் சீட்டில் உட்கார்ந்தார். கதவைச் சாத்திவிட்டு, "கோயில் நடை சாத்திடப் போறாங்க. போ" என்றார்.