கோடு போட்ட ஏழு

அண்ணாவுக்கு,

நேற்று ஆய்வுக்காகக் கடலுக்கடியில் இறங்கினேன். நீ வேலை செய்யும் ஆலையின் ரசாயனப் பீப்பாய்கள் பதினொன்று அங்கே கிடந்தன. ஒன்று கசிந்துகொண்டிருந்தது. சுற்றிலும் நண்டுகள் மல்லாந்து செத்துக் கிடந்தன. தொட்டதும் ஓடு நொறுங்கியது.

போன முறை கேட்டபோது, "எல்லாத்தையும் எரிச்சிடுறாங்க பாப்பா, பீப்பாய்ல நம்பர் எழுதுறதோட என் வேலை முடிஞ்சுது" என்றாய். நம்பித்தான் சொன்னாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நீ எண் எழுதிய பெயின்ட் உப்புத் தண்ணீரிலும் அழியவில்லை. ஏழின் இடுப்பில், பள்ளி நாளிலிருந்து நீ போடும் அதே குறுக்குக் கோடு. படமெடுத்துவிட்டேன். அம்மாவிடம் காட்டவில்லை.

திங்கட்கிழமை அறிக்கை கொடுக்கிறேன். 'எண் எழுதியவர்' என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். நீயே வந்து அதை நிரப்புவாய். பயந்து ஒளிகிற ஆள் ஏழுக்கு இவ்வளவு அழுத்தமாகக் கோடு போட்டிருக்க மாட்டான்.

உன்
பாப்பா