பழைய பைதனைக் கைவிட்டது

2008 நவம்பர் 11, செவ்வாய். குண்டசாலை.

நான் இணையத்தில் இலவசமாக விடும் தமிழ் எழுத்துரு மாற்றியை யாழ்ப்பாணத்தில் யோகன் மாஸ்டர் பரீட்சைத் தாள் அடிக்கப் பாவிக்கிறார். இன்று தொலைபேசியில் கோல் எடுத்தார்.

"தம்பி, உங்கட புதுப் பதிப்பு எங்கட கொம்பியூட்டரில ஓடுதில்லை."

"அது பைதன் எண்ட கொம்பியூட்டர் மொழியில எழுதினது. பழைய பைதனில இனி ஓடாது மாஸ்டர். புதுசைப் போடுங்கோ."

"இந்தப் பழைய மெசின் அதைத் தாங்காது. சண்டையால பாதையும் பூட்டு, வெளியில இருந்து வேற மெசின் வராது. பரவாயில்லை, கையால எழுதுவம்."

அவர் ஏசியிருக்கலாம். ஒவ்வொரு பதிப்பையும் பழைய பைதனிலும் சோதித்துப் பார்க்க எனக்கு அலுப்பு. அதனால்தான் பழையதில் ஓடவைக்கும் நிரல் வரிகளை நீக்கினேன். பின்னேரம் அவற்றைத் திரும்பச் சேர்த்து இணையத்தில் ஏற்றிவிட்டேன். சொல்லலாமென்று அவர் பேசிய சந்திக் கடை நம்பருக்கு அடிக்கிறேன். அங்கே ஊரடங்கு தொடங்கிவிட்டது. மணி போகிறது, எடுக்க ஆளில்லை.