பதினோராவது கேள்வி

புது தில்லி,
7-5-2020

அன்புள்ள அத்தானுக்கு,

பிரபா எழுதுவது. நானும் கனியும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, பழக்க தோஷம். கனி நலம். என்னைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். அத்தைக்கு இடுப்பு எலும்பு கூடிவிட்டதா? கம்பு ஊன்றியாவது நடக்கிறார்களா? அவர்களைப் பார்க்கப் போன இடத்தில் நீங்கள் பாளையங்கோட்டையில் மாட்டிக்கொண்டு இன்றோடு நாற்பத்தெட்டு நாள். ரயில் ஓடாததற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்? அதில் உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. கோபம் வேறு விஷயத்தில்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று கேட்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்தாலே உங்கள் பக்கம் சிக்னல் போய்விடுகிறதே, என்ன செய்ய? இன்னொரு காரணம், இதோடு ஒரு ஃபாரம் வைத்திருக்கிறேன். அதைக் கடைசியில் பாருங்கள், முதலில் இதைப் படியுங்கள்.

போன புதன்கிழமை காலையில் பாலுக்காகக் கதவைத் திறந்தேன். கதவின் வெளிப்பக்கம் ஒரு காகிதம். மைதாப் பசை இன்னும் காயவில்லை. இந்தியில், சிவப்பு எழுத்தில், ‘எச்சரிக்கை. இந்த வீட்டில் தொற்றக்கூடிய தோல் நோயாளி இருக்கிறார். விலகி நிற்கவும்’ என்று போட்டு, கீழே நம் பிளாக் சங்கத்தின் முத்திரை. பால்காரன் பாக்கெட்டைக்கூட வாசலில் வைக்காமல் படிக்கட்டுக்குக் கீழேயே வைத்துவிட்டுப் போயிருந்தான்.

சரி, காய்கறி வண்டி வந்ததே என்று கீழே போனேன். ஆறு வருஷமாக நம் வாசலுக்கு வருகிற அதே ஆள். நான் கத்தரிக்காயில் கை வைக்குமுன் வண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டு, “பாபிஜி, ஆப் மத் சூயியே, செக்ரட்டரி சாப் நே மனா கியா ஹை” என்றான். நான் தொடக்கூடாதாம், செக்ரட்டரி உத்தரவாம். அவனுக்கே கூச்சமாக இருந்தது, முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான். சுண்ணாம்பு வட்டத்துக்குள் நின்றிருந்த நாலு பெண்களும் வட்டத்தை விட்டு இன்னும் தள்ளிப் போனார்கள். கொரோனாவுக்கு ஆறடி என்றால் எனக்குப் பன்னிரண்டடி! போன தீபாவளிக்கு என் கையால் பிழிந்த முறுக்கைத் தட்டோடு காலி செய்தவர்கள் அத்தான் அவர்கள்.

நேரே செக்ரட்டரி சேஷன் சார் வீட்டுக்குப் போனேன். அவர் கம்பிக் கதவைத் திறக்காமல் உள்ளே நின்றபடியே பேசினார். “எனக்கு ஒரு விரோதமும் இல்லேம்மா. உங்காத்துக்காரர் பாலசுப்ரமணியம் எழுதிக் குடுத்ததை வெச்சுத்தான் கமிட்டி முடிவு பண்ணித்து” என்று சொல்லி, கம்பி வழியாக ஒரு காகிதத்தை நீட்டினார். ஏப்ரலில் எல்லா வீட்டுக்காரர்களுக்கும் மெயிலில் அனுப்பிய சுகாதார ஃபாரம். நீங்கள் அங்கிருந்தே நிரப்பி அனுப்பியது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பத்தாவது கேள்வி, வீட்டில் யாருக்காவது நோய் உண்டா? ‘மனைவிக்குத் தோல் அலர்ஜி.’ பதினோராவது கேள்வி, அது தொற்றக்கூடியதா? ‘தெரியவில்லை.’

தெரியவில்லையா, அத்தான்?

கல்யாணமாகிப் பதினேழு வருஷம். இதில் பதினைந்து வருஷம் இந்தத் தோலோடு. ஒரே பாயில் படுத்தோம். நான் பிசைந்த சோற்றைத் தின்றீர்கள். உங்களுக்கு வந்ததா? என் பாலைக் குடித்து வளர்ந்த கனிக்கு வந்ததா? இது சோரியாசிஸ், தொடுவதால் பரவாது என்று டாக்டர் சொன்னபோது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தலையை ஆட்டியது யார்? வெளியே வந்ததும், ஊருக்கெல்லாம் அலர்ஜி என்று சொல்லிவிடுவோம், டெல்லித் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிடுவோம் என்றீர்கள். நானும் சரி என்று முழுக்கை ரவிக்கை தைத்துக்கொண்டேன். அது என் புத்தி கெட்டதனம்.

அன்றைக்குப் போனில் கேட்டதற்கு என்ன சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறதா? “எதுக்குட்டி வம்பு? இல்லைன்னு எழுதி, நாளைக்கு யாருக்காவது ஒண்ணுன்னா நம்ம தலையிலல்லா விழும்?” இருபத்திரண்டு வருஷம் ஆபீசில் எந்த ஃபைலிலும் ‘உண்டு’, ‘இல்லை’ என்று துணிந்து எழுதியதில்லை என்று பெருமையாகச் சொல்வீர்களே, நான்கூடச் சிரித்திருக்கிறேன். நான் உங்கள் ஃபைலா?

கேட்டில் வாட்ச்மேன் பிடிக்கிற சானிடைசர், வெடித்த உள்ளங்கையில் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிகிறது. சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்கிறேன் என்றால் விடமாட்டேன் என்கிறான். கரோல் பாக் கடையில் வாங்குகிற களிம்பு தீர்ந்து மூன்று வாரம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு திறக்கவில்லை. தேங்காயெண்ணெய்தான் தைலம் என்று ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கோபப்பட்டால் கூடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். முழங்கையில் இருந்தது இந்த வாரம் தோள் வரைக்கும் ஏறிவிட்டது. கோபப்படாமல் எப்படி இருப்பது என்று அவர் சொல்லித் தரவில்லை.

காகிதத்தைக் கிழித்து எறிய எனக்கு ரெண்டு நிமிஷம் ஆகாது. மறுநாள் வேறொன்று ஒட்டுவார்கள், ஆதாரம்தான் கையில் இருக்கிறதே. டாக்டர் சீட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். “அதெல்லாம் சரிம்மா, குவார்ட்டர்ஸ் அவர் பேர்லேன்னா இருக்கு. அவர் கையெழுத்தோட திருத்தின ஃபாரம், ஒரிஜினல், வரட்டும். அன்னிக்கே எடுத்துடறேன்” என்றார் சேஷன் சார். குமாஸ்தாக்கள் குடியிருக்கிற காலனியில் நோய்கூடக் கையெழுத்து இல்லாமல் குணமாகாது போலிருக்கிறது.

இதெல்லாம் போகட்டும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நான் இந்தக் கடிதம் எழுதுவது கனிக்காக.

முதுகில் எனக்கு எட்டாத இடத்தில் நீங்கள்தானே மருந்து போடுவீர்கள். நீங்கள் போனபிறகு அதைக் கனிமொழி எடுத்துக்கொண்டாள். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு, ஏதாவது இந்திப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே தேய்த்துவிடுவாள். சேஷன் சார் கொடுத்த காகிதத்தை நான் மேசையில் போட்டது தப்பு. தமிழ் எழுத்துக்கூட்டத் திணறுகிற பெண், இங்கிலீஷ் என்றால் ஒரு பார்வையில் படித்துவிடுகிறாள். அன்று சாயங்காலம் இரண்டு கையிலும் பருப்பு வாங்கி வந்த பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு வந்தாள். பரவாதுடி, உனக்கு ஒன்றும் வராது என்றேன். “பப்பாவுக்கே தெரியலைன்னா எப்படிம்மா?” என்று கேட்டாள். பதினாலு வயசுப் பிள்ளை கேட்டதில் என்ன தப்பு? ஒரு வாரமாக அந்தப் பையோடுதான் தேய்க்கிறாள். சரசரவென்று சத்தம் கேட்கிறது. பாட்டுப் பாடுவதில்லை. நீங்கள் பேசுங்கள் என்று கெஞ்சினேன், நீயே பக்குவமாகச் சொல்லு என்று போனை வைத்துவிட்டீர்கள்.

ஃபாரத்தை நான் நிரப்பிவிட்டேன். பத்தாவது கேள்விக்குச் சோரியாசிஸ் என்று முழுப் பெயரையும் எழுதியாயிற்று. பதினொன்றை மட்டும் விட்டிருக்கிறேன். அதை நீங்கள் உங்கள் கையால், பேனாவால் எழுத வேண்டும். ‘எனக்குத் தெரிந்தவரை’ வேண்டாம். ‘மருத்துவர் கூற்றுப்படி’ வேண்டாம். ‘இல்லை’ என்று மட்டும் எழுதி, கீழே முழுக் கையெழுத்துப் போடுங்கள். பேனா அத்தை அலமாரியில் இருக்கும்.

ஸ்பீட் போஸ்ட் போய்ச் சேரப் பத்து நாளாகும் என்கிறார்கள், திரும்பி வர இன்னொரு பத்து நாள். சேஷன் சார் காத்திருக்கட்டும், கதவில் காகிதம் இருந்துவிட்டுப் போகட்டும். இத்தனை நாள் பொறுத்தவளுக்கு அது பெரிதில்லை. ஆனால் கையெழுத்துப் போட்டதும், தபாலில் சேர்க்குமுன், அதைப் போட்டோ எடுத்துக் கனியின் போனுக்கு அனுப்புங்கள். எனக்கு வேண்டாம், அவளுக்கு.

அத்தைக்கு என் வணக்கம். நீங்கள் வெளியே போனால் மாஸ்க் போடாமல் போகாதீர்கள். ஏழு மணிக்கு அவள் தைலக் கிண்ணத்தோடு வருவாள், அத்தான். அதற்கு முன்னால் அனுப்பிவிடுங்கள்.

கோபம் ஆறாத,
பிரபா