ஏரி வரைக்கும் ஒரு பஸ்

என்னங்க,

எழுப்ப மனசு வரவில்லை. லாரியோடு ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நேற்றுத்தானே வந்தீர்கள். சாப்பாடு மேசை மேல் மூடியிருக்கிறது, சூடு பண்ணிச் சாப்பிடுங்கள். குழாய் ரிப்பேர்காரர் வருவார். சமையலறைக் குழாயை மட்டும் காட்டுங்கள், விட்டால் வீட்டையே பெயர்த்துவிடுவார்.

நான் ஏரிக்குப் போகிறேன். "விமானத்துல கூட்டிட்டுப் போறேங்கிறேன், பக்கத்துல இருக்கிற ஏரியப் பாக்கணுமாம்! இதுக்கா லீவு போட்டேன்?" என்று ராத்திரி கத்தினீர்களே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பெட்டி கட்ட வேண்டாம், கைப்பையும் குடையும் போதும். ஜன்னலோரம் உட்கார்ந்தால், நாம் எப்போதும் தாண்டிப் போகிற மரக்கடைக்குப் பின்னால் இத்தனை கொக்கா என்று வாயைப் பிளக்கலாம். இருட்டுவதற்குள் நம் தலையணைக்கே திரும்பிவிடலாம். இதைவிட வேறென்ன வேண்டும்?

போன தடவை கூட வந்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா? யாரோ ஓட்டுகிற பஸ்ஸில், பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, வழியெல்லாம் வலது காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தீர்கள். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சாவி செருப்பு அலமாரி மேல்.

பி.கு.: குழாய்க்காரர் போனதும் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வாருங்கள். ஏரி நிறுத்தத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

இன்னொன்று. அன்றைக்கு வளைவில் தண்ணீர் தெரிந்ததும் அந்தக் கால் மிதிப்பதை விட்டுவிட்டது. திரும்பி வரும்வரை சும்மாவே இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அது ஓய்ந்து நான் பார்த்தது அன்றுதான். மறுபடி ஏரிக்கே போகலாம் என்று நான் கேட்டது அதற்காகத்தான்.